மண் எப்போது ஊட்டுகிறது? இயற்கை வழிப் புகையிலையில் மண்ணும் மகசூலும்

ஒரு கிராம் புகையிலை விதையை எண்ணினால் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். உள்ளங்கையில் கொட்டினால் காப்பித் தூள் மாதிரித் தெரியும். நெல்லோ நிலக்கடலையோ முளைக்கும்போது முதல் சில நாள் சாப்பாட்டை விதையே கட்டிக்கொண்டு வருகிறது. புகையிலை விதையில் அதற்கு இடமே இல்லை. முளைத்த சில நாளிலேயே அது மண்ணை நம்பித்தான் பிழைக்கிறது. அதனாலோ என்னவோ, மண் கொஞ்சம் மாறினாலும் அதை இலையில் காட்டிவிடும் பயிர் இது.

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தில் இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். பெரியப்பாவுக்கு இரண்டு துண்டு நிலம். மேட்டில் ஒன்று, செவல் மண். ஓடை ஓரம் மற்றொன்று, களி ஏறிய கரிசல். ஒரே நாற்றங்கால், ஒரே வாரத்தில் நடவு, ஒரே கிணற்றுத் தண்ணீர், இரண்டிலும் ஆட்டு மந்தையை இரவில் தங்கவைக்கும் ஆட்டுக்கிடை. ஆனால் மாசியில் போய் நின்றால் இரண்டும் வேறு வேறு பயிர் மாதிரி இருக்கும். செவலில் இலை மெலிசாக, சீக்கிரம் பழுக்கும். கரிசலில் தடித்து, கரும்பச்சையாக, பழுக்காமல் அடம் பிடிக்கும். எடை கரிசலில்தான் அதிகம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் அடித்த வருஷம், அதே கரிசலில் பாதிச் செடி வாடித் தொங்கிவிடும்.

எது நல்ல மண் என்று கேட்டால் பெரியப்பா நேராகப் பதில் சொல்ல மாட்டார். "எந்த இலைக்கு?" என்று திருப்பிக் கேட்பார். பிறகு வேளாண்மை படித்தபோதுதான் அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது. மண்ணுக்கும் மகசூலுக்கும் என்ன உறவு என்று புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அதை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இயற்கை வழியில் விளைந்தாலும் புகையிலை புகையிலைதான். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாததால் நிலத்துக்கும் அதில் வேலை செய்கிறவர்களுக்கும் நன்மை உண்டு. அந்த இலையை மெல்லுகிறவருக்கும் புகைக்கிறவருக்கும் அதனால் ஆபத்து குறைவதில்லை. நிகோட்டினும் புற்றுநோயைத் தூண்டும் பொருள்களும் அதிலும் இருக்கின்றன. அமெரிக்காவில் இயற்கைப் புகையிலை என்று விளம்பரம் செய்த ஒரு சிகரெட் நிறுவனம், இயற்கை என்றால் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை என விளம்பரத்திலேயே அச்சிட 2010இல் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இந்தக் கட்டுரை மண்ணைப் பற்றியது. இலைக்கு நற்சான்று தருவது என் நோக்கம் இல்லை.

எதை மகசூல் என்கிறோம்

நெல்லில் மணி, நிலக்கடலையில் பருப்பு. புகையிலையில் இலைதான் மகசூல். பூ வந்ததும் கொழுந்தைக் கிள்ளி எறிகிறோம், இலைக் கக்கத்தில் கிளம்பும் சிம்புகளை ஒடிக்கிறோம். செடியின் முழுச் சக்தியும் இலைக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

இலையை எடை போட்டால் மட்டும் போதாது. சிகரெட்டுக்குப் போகும் வெர்ஜீனியா ரகத்தில், கீழிருந்து மேலாகப் பழுக்கப் பழுக்க இலையை ஒடித்து, சூளைக் கொட்டகைக்குள் சூடு ஏற்றிப் பதப்படுத்துவார்கள். இலை மெலிசாக, மஞ்சளாக வர வேண்டும். வாய்ப்புகையிலையில் செடியை அடியோடு வெட்டி, வயலில் வாடவிட்டு, தொங்கவிட்டு, பிறகு குவித்துப் புழுங்கவைப்பார்கள். அதற்குத் தடிப்பும் காரமும் வேண்டும். ஒன்றுக்குக் குறையாகத் தெரிவது மற்றொன்றுக்குக் குணம். பெரியப்பாவின் "எந்த இலைக்கு?" இதைத்தான் கேட்டது.

பசித்த மண்ணின் கதை

வெர்ஜீனியா இலையின் வரலாற்றில் ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில், கேஸ்வெல் கவுண்டியில், 1839இல் நடந்ததாகச் சொல்வார்கள். ஸ்டீஃபன் என்ற கறுப்பின அடிமை இளைஞர் இரவில் புகையிலைக் கொட்டகையில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது நெருப்பு அணையும் நிலை. அவசரமாகக் கரி அள்ளிப் போட்டார். சடாரென்று ஏறிய உலர் சூட்டில் இலை பளிச்சென்ற மஞ்சளாகிவிட்டது. அந்த இலைக்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பகுதியின் மண். மணல் பாங்கான, சத்துக் குறைந்த மேட்டு நிலம். வேறு எதுவும் சரியாக விளையாது என்று கழித்துவிட்ட பூமி. அந்த மண்ணில் வளர்ந்த செடிக்குப் பூக்கும் காலத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) தீர்ந்துவிடும். தீர்ந்ததும் இலையின் பச்சையம் கலைந்து மாவுச்சத்து சேரும். அப்படிப்பட்ட இலைதான் சூட்டில் மஞ்சளாகும். கொழுத்த கரிசலில் வளர்ந்த இலைக்கு அதே சூட்டைக் கொடுத்திருந்தால் அந்த மஞ்சள் வந்திருக்காது. கைவிடப்பட்டிருந்த நிலங்களுக்கு அதன் பிறகு விலை ஏறியது.

சத்து அதிகம் இருந்தால் மகசூல் அதிகம் என்ற கணக்கு இந்தப் பயிரிடம் செல்லாது. எவ்வளவு சத்து என்று கேட்பதோடு, எந்த வாரத்தில் என்றும் கேட்க வேண்டும்.

தழைச்சத்தின் நேரக் கணக்கு

நட்ட முதல் இரண்டு, மூன்று வாரம் செடி வேர் பிடிக்கும். மேலே பெரிதாக எதுவும் நடக்காது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு திடீரென்று எழும்பும். அதிலிருந்து ஏழு, எட்டாம் வாரம் வரை அது உறிஞ்சும் தழைச்சத்துதான் இலையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. கொழுந்து கிள்ளிய பிறகு வெர்ஜீனியாவுக்குத் தழைச்சத்து அடங்கிவிட வேண்டும். வாய்ப்புகையிலைக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைக்கலாம், அது காரத்தைக் கூட்டும்.

யூரியா போடுகிறவருக்கு இது சுலபம். எந்த வாரம் வேண்டுமோ அந்த வாரம் போடுகிறார். இயற்கை வழி விவசாயிக்கு அந்த வசதி இல்லை. அவர் போடும் குப்பையில் தழைச்சத்து புரதமாகவும் மக்காகவும் (மக்கிய பொருளாகவும்) கட்டுண்டு கிடக்கிறது. வேருக்கு அது அப்படியே பயன்படாது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, சிதைத்து, அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் வெளியே விட்டால்தான் வேர் எடுத்துக்கொள்ளும். ஆக, இயற்கை வழியில் உரம் வைக்கும் நேரத்தை நுண்ணுயிர்கள் கையில் ஒப்படைக்கிறோம். மண்ணின் ஈரம், சூடு, காற்றோட்டம், புளிப்பு எல்லாம் அந்த நுண்ணுயிர்களின் வேகத்தை மாற்றுகின்றன. மண்ணின் குணங்கள் மகசூலோடு இணைவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம். ஹெக்டேருக்கு 25 டன் கொட்டினால் 125 கிலோ தழைச்சத்து. தாளில் பார்த்தால் வாய்ப்புகையிலைக்குத் தாராளம். ஆனால் முதல் பருவத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு போல வெளியே வந்தால் அதிகம். அதாவது 40 கிலோ. மிச்சம் மண்ணில் தங்கி அடுத்தடுத்த வருஷங்களில் மெல்ல வரும். இயற்கை வழிக்கு மாறிய முதல் வருஷம் இலை சிறுத்துப் போவதும், மூன்றாவது, நான்காவது வருஷம் தேறிவிடுவதும் இதனால்தான். நம் நாட்டின் இயற்கைச் சான்றிதழ் விதிகளில் ஒரு பருவப் பயிர்களுக்கு இரண்டு வருஷம் மாறும் காலம் என்று வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் மூன்று வருஷம். சான்றிதழுக்காக வைத்த கெடு என்றாலும், மண்ணுக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் தேவைப்படுகிறது.

எல்லா எருவும் ஒரே வேகத்தில் சிதையாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு விகிதம் போதும். பொருளில் கரிமம் (கார்பன்) எத்தனை பங்கு, அதோடு ஒப்பிடத் தழைச்சத்து எத்தனை பங்கு என்பதே அது. ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபது பங்கு கரிமத்துக்குக் கீழே இருந்தால் நுண்ணுயிர்கள் தின்றது போக மிச்சத்தை வெளியே விடும். முப்பதுக்கு மேலே போனால், அவற்றுக்கே பற்றாமல் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். செடி அந்தச் சமயத்தில் பட்டினி கிடக்கும். வைக்கோல் இந்த இரண்டாம் வகை. புண்ணாக்குகள் முதல் வகை, மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். பசுந்தாள் உரத்துக்காக வளர்க்கும் சணப்பையைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் அதுவும் வேகமாகத் தரும். பத்து நாள் சோம்பி, தண்டு முற்றவிட்டால் அதே சணப்பை வைக்கோலின் பக்கம் சாய்ந்துவிடும். ஒரே பயிர், ஒரே நிலம், பத்து நாள் வித்தியாசம். வட கரோலினாவில் இயற்கைப் புகையிலை போடுகிறவர்கள் கோழி இறகை அரைத்த தூளைப் பயன்படுத்துகிறார்கள். அதில் தழைச்சத்து 13 சதவீதம் போல இருக்கும், சீக்கிரமும் சிதையும். செடி எழும்பும் வாரங்களைப் பிடிக்க அது அவர்கள் கண்ட வழி.

ஆட்டுக்கிடையை நான் மிகவும் மதிப்பதற்கும் இதுதான் காரணம். ஆட்டு மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்து பெரும்பாலும் யூரியா வடிவம், சில நாளிலேயே வேருக்குக் கிடைக்கும். புழுக்கை மெதுவாகச் சிதையும். ஒரே இரவில் வேகமான உரமும் நிதானமான உரமும் வயல் முழுக்கச் சமமாக விழுகிறது. கிடைக்காரருக்குக் கொடுக்கும் காசு வீண் போவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பக்கம் நடவு ஐப்பசி, கார்த்திகையில். செடி வேகம் எடுக்கும் நேரம் மார்கழி. அந்தக் குளிரில் மண்ணும் குளிர்ந்திருக்கும். சூடு பத்து டிகிரி குறைந்தால் நுண்ணுயிர்களின் வேலை ஏறத்தாழப் பாதியாகிவிடும். செடி கேட்கும் நேரமும் மண் தயங்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆகவே மெதுவாகச் சிதையும் தொழுவுரத்தை ஆவணி, புரட்டாசியிலேயே போட்டுவிட்டு, நட்ட இரண்டாம், மூன்றாம் வாரத்தில் புண்ணாக்கைத் தூருக்குக் கொஞ்சம் தள்ளி வைத்து மண் அணைப்பது பொருந்திவரும்.

மணலா, களியா

ஈர மண்ணைக் கையில் எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தி நாடா மாதிரி நீட்டிப் பாருங்கள். நீளவே இல்லாமல் உதிர்ந்தால் மணல் பாங்கு. நீளமாக, பளபளப்பாக வந்தால் களி. நடுவில் முறிந்தால் இரண்டும் கலந்தது. ஆய்வகம் இல்லாமலே மண்ணைப் பற்றிப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது புகையிலையின் ஆணிவேர் அறுந்துவிடுகிறது. அதன் பிறகு வருவது சல்லி வேர்க் கூட்டம். பெரும்பகுதி மேல் ஓர் அடிக்குள்தான் இருக்கும். வேருக்குக் காற்று வேண்டும். மழைத் தண்ணீர் ஒரு நாள் தேங்கினால்கூட வேர் மூச்சு முட்டி, வெயில் வந்ததும் செடி துவண்டு விழும். தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு வாடுகிற காட்சி புதியவர்களைக் குழப்பும், தண்ணீர் பற்றவில்லை என்று இன்னும் பாய்ச்சிவிடுவார்கள். பெரியப்பாவின் கரிசலில் நடந்தது இந்த வாடல்தான். பார் கட்டி உயரத்தில் நட ஆரம்பித்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது.

வேரைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய பரிசோதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1940களில் தக்காளி வேர்மேல் புகையிலைக் கொழுந்தை ஒட்டுக் கட்டி வளர்த்துப் பார்த்தார்கள். இலை புகையிலை இலை மாதிரியே வந்தது, நிகோட்டின் மட்டும் அதில் அநேகமாக இல்லை. மாற்றிப் புகையிலை வேர்மேல் தக்காளியை ஒட்டினால் தக்காளி இலையில் நிகோட்டின் ஏறியிருந்தது. நிகோட்டின் உருவாவது வேரில், அங்கிருந்துதான் இலைக்கு ஏறுகிறது. இலையின் காரம் கூடுவதற்கும் குறைவதற்கும் மண்ணின் நிலை காரணமாவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

மணலுக்குக் காற்றோட்டம் நன்றாக இருக்கும், ஆனால் பிடிமானம் இல்லை. களித் துகள்களுக்கும் மக்குக்கும் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. அது சாம்பல் சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச் சத்து, அம்மோனியம் போன்ற நேர்மின்னேற்றம் உள்ளவற்றைக் காந்தம் போலப் பிடித்து வைக்கும். நைட்ரேட்டை அது பிடிக்காது, அது தண்ணீரோடு இறங்கிவிடும். மணல் மண்ணில் களியைச் சேர்ப்பது சுலபம் இல்லை, மக்கைச் சேர்க்கலாம். இயற்கை வழியின் பலம் மணல் பாங்கான நிலத்தில்தான் அதிகம் தெரியும் என்று நான் நினைக்கக் காரணம் இது. கரிசலில் பிடிமானம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே மக்கு செய்யும் பெரிய உதவி மண்ணைப் பொலபொலப்பாக்கிக் காற்று விடுவது.

மணலில் இன்னொரு பிரச்சினை வேர்முடிச்சு நூற்புழு. மணல் மண்ணில் அது சுலபமாக நகரும். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் புகையிலையின் சொந்தக்காரச் செடிகள். அவற்றை மாற்றிப் போட்டால் நூற்புழுவுக்கு விருந்து வைத்த மாதிரி. சோளம், கேழ்வரகு என்று மாற்றிப் போடலாம். செண்டுமல்லியின் வேர் நூற்புழுவைக் குறைக்கும், அதையும் சுழற்சியில் வைக்கலாம்.

யாழ்ப்பாணத்துக் குழை

இயற்கைப் புகையிலை என்பது சமீபத்து யோசனை என்று நினைக்கிறவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து வாய்ப்புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலில் போனது. யூரியா என்ற உரமே புழக்கத்தில் இல்லாத காலம். சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த செம்மண், கிணற்றுத் தண்ணீர். அந்த மண்ணை உழைப்பாலும் எருவாலும் தேற்றினார்கள். பூவரசு போன்ற மரங்களின் குழையையும் பனையோலையையும் மண்ணுக்குள் புதைப்பார்கள். அதைக் குழை தாழ்த்துதல் என்பார்கள். ஆட்டையும் மாட்டையும் தோட்டத்தில் இரவு தங்கவைப்பது பட்டி அடைத்தல். பச்சைக் குழை வேகமாகச் சிதையும், பனையோலை மெல்லச் சிதையும். நான் மேலே விகிதம் என்று சொன்ன கணக்கை அவர்கள் எண் இல்லாமல் கையில் வைத்திருந்தார்கள்.

அதே யாழ்ப்பாணத்தில் ஒரு பாடமும் இருக்கிறது. மண் வழியாகவும் பாறைப் பிளவுகள் வழியாகவும் தண்ணீர் வேகமாக நிலத்தடிக்கு இறங்கிவிடும். பயிர் எடுக்காத நைட்ரேட்டும் சேர்ந்து இறங்கும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செயற்கை உரம் அதில் பெரும் பங்கு. ஆனால் சாணமும் குழையும் அளவுக்கு மீறினால் அதே நைட்ரேட்டைத்தான் தரும். கிணற்றில் இறங்கிய பிறகு அது எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று தண்ணீருக்குத் தெரியாது. எரு எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்கிறவர்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புளிப்பும் உப்பும்

மண்ணின் கார அமில நிலையைக் காட்டும் எண்ணில் 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரத்தன்மை (இலையின் காரம் வேறு). ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. வெர்ஜீனியா புகையிலைக்கு 5.5 முதல் 6.5 வரை பிடித்தமானது. 5க்குக் கீழே போனால் அலுமினியமும் மாங்கனீசும் கரைந்து வந்து வேரை வருத்தும். மேலே ஏறினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு கட்டிக்கொள்ளும், இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் போகும். கறுப்பு வேரழுகல் நோயும் புளிப்புக் குறைந்த மண்ணில்தான் அதிகம் வரும். அதனால் வெர்ஜீனியாக்காரர்கள் சுண்ணாம்பு போடுவதில் கஞ்சமாக இருப்பார்கள். புளிப்பு மண்ணுக்கு வேறொரு ஆபத்து உண்டு. காட்மியம் என்ற கன உலோகத்தைப் புகையிலை இழுத்து இலையில் சேர்க்கும் பயிர், மண் புளித்திருந்தால் அது இன்னும் சுலபம். நகரக் குப்பையிலிருந்து செய்த உரத்தைப் புகையிலை நிலத்துக்கு வாங்கும் முன் கன உலோகங்களுக்குச் சோதனை செய்தார்களா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

உப்பு என்று வரும்போது இந்தப் பயிரின் இரண்டு முகமும் தெரியும். குளோரைடு ஏறிய இலை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சரியாக எரியாது. சிகரெட் இலையில் குளோரைடு இரண்டு சதவீதம் ஆனால் பிரச்சினை. அதனால் பாசனத் தண்ணீரில் 50 பி.பி.எம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 50 பங்குக்கு) மேல் குளோரைடு இருந்தால் வெர்ஜீனியா வேண்டாம் என்பது பரிந்துரை. வேடசந்தூர் பக்கம் போனால் நேர் எதிர். சப்பைத் தண்ணீர், அதாவது உப்புக் கலந்த தண்ணீர், ஊறும் கிணறு உள்ள நிலத்தில் வாய்ப்புகையிலை நன்றாக வரும் என்பது எங்கள் ஊர் அனுபவம். மெல்லுகிற இலை எரிய வேண்டியதில்லையே. ஈரம் இழுத்து நெகிழ்வாக இருப்பதே அதற்கு வசதி. வேறு பயிருக்கு உதவாத தண்ணீரை இந்தப் பயிர் ஏற்றுக்கொண்டதால்தான் பல குடும்பங்கள் அதை விடாமல் பிடித்திருக்கின்றன. ஆனால் பத்து, பதினைந்து வருஷம் சப்பைத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் சோடியம் ஏறி, மண் இறுகி, மழைத் தண்ணீர் இறங்காமல் நிற்கும். அங்கே தோண்டியெடுத்த ஜிப்சமும் மக்கும் சேர்ந்துதான் மண்ணைத் திருப்பிக் கொண்டுவரும்.

சாம்பல் சத்து இலைக்கு அவசியம். இலை நன்றாக எரிவதும் பதமாவதும் அதனால். வழக்கமான பொட்டாஷ் உரம் குளோரைடு வடிவில் இருப்பதால் வெர்ஜீனியாவுக்கு ஆகாது. இயற்கை வழியில் மரச் சாம்பல் போடலாம், ஆனால் அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். தென்னை மட்டைச் சாம்பலிலும் தென்னை நார்க் கழிவிலும் குளோரைடு ஒளிந்திருக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தவறுகிற இடம் இது. இயற்கைப் பொருள்தானே என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

தொடர்பு என்பதை எப்படிப் படிப்பது

மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேல் அதிகம் என்று போட்டிருக்கும். இருபது வயல்களின் கரிம அளவையும் இலை எடையையும் எழுதிப் பார்த்தால் கரிமம் கூடக் கூட எடை கூடுவது மாதிரித் தெரியலாம். அங்கே அவசரப்படக் கூடாது. கிணறு நன்றாக ஊறும் வயல்காரர்தான் மாடும் வைத்திருப்பார், குப்பையும் நிறையப் போடுவார். எடை கூடியது தண்ணீராலா, கரிமத்தாலா? இரண்டும் சேர்ந்தே நடக்கும்போது எண்கள் தனியாகப் பிரித்துச் சொல்லாது. ஒரே வயலில், ஒரே பாசனத்தில், நன்றாக வந்த பகுதியிலும் சவலையாக நின்ற பகுதியிலும் தனித்தனியாக மண் எடுத்து ஒப்பிடுங்கள். அந்த இரண்டு அட்டை சொல்வது, இருபது ஊர் அட்டையைவிடத் தெளிவாக இருக்கும்.

உறவு நேர்க்கோடாகவும் இருக்காது. கரிமம் 0.3இலிருந்து 0.6 ஆனால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும். 0.9இலிருந்து 1.2 ஆனால் அவ்வளவு தெரியாது. வெர்ஜீனியாவில் அதற்கு மேல் போனால் இலை பழுக்காமல் விலை இறங்கவும் செய்யும். கோடு ஏறி, படுத்து, பிறகு கவிழ்கிறது.

அப்புறம், எது குறைவாக இருக்கிறதோ அதுதான் மகசூலுக்கு எல்லை போடும். இது ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கல் என்ற வேளாண் விஞ்ஞானி 1828இல் சொன்னது, லீபிக் என்ற வேதியியல் அறிஞர் அதைப் பரப்பினார். குளத்துக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அந்த உயரம் வரைதான் தண்ணீர் நிற்கும், மற்ற இடத்தில் எவ்வளவு உயர்த்தினாலும் பயன் இல்லை. தண்ணீர் தேங்கும் கரிசலில் எரு கூட்டுவது அப்படித்தான். அங்கே தாழ்ந்திருப்பது காற்று. காற்றைச் சரி செய்யும்வரை எந்த எருவும் இலையாக மாறாது.

தொடங்குகிறவருக்கு

கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போது, ஒரு வயலில் பத்து, பதினைந்து இடத்தில், ஆங்கில வி எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மண் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். எருக்குழி ஓரம், வரப்பு ஓரம், மரத்தடி வேண்டாம். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் அனுப்பி, குளோரைடு அளவைக் கேட்டு வாங்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அட்டை வந்ததும் தழைச்சத்து எண்ணை மட்டும் பார்த்து உரம் முடிவு செய்ய வேண்டாம். அது ஒரு மதிப்பீடுதான். மார்கழியில் மண் எவ்வளவு தரும் என்று அந்த எண் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வயலின் ஒரு மூலையில் நான்கு பார் மட்டும் புண்ணாக்கு வைக்காமல் விடுங்கள். நட்ட ஐந்தாம், ஆறாம் வாரம் காலையில் போய் அடி இலைகளைப் பாருங்கள். அந்த நான்கு பாரில் அடி இலை வெளிறி, பக்கத்தில் பச்சையாக இருந்தால், உங்கள் மண் அந்த நேரத்துக்குத் தயாராகவில்லை, புண்ணாக்குதான் தாங்குகிறது. இரண்டும் ஒரே பச்சையாக இருந்தால் மண்ணே கொடுத்துக்கொண்டிருக்கிறது, அடுத்த வருஷம் புண்ணாக்கைக் குறைக்கலாம். தேதியையும் பார்த்ததையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று வருஷத்து நோட்டு கையில் இருந்தால், எந்த நிலத்தில் எந்த இலை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.